படத்தில் எல்லாம் சுத்தம்

ஜூலை 8, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் அடுப்படிக்குள் வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் இல்லை.

செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டர் பதிய. ஸ்கேன் படம், பழைய சீட்டு எல்லாம் ஒரே பையில் போட. பாண்டிச்சேரிக்குக் காலை முதல் பஸ். இவருக்குச் சட்டை தேய்க்க (டாக்டரைப் பார்க்கப் போகும்போது மட்டும் தேய்த்த சட்டை வேண்டும் இவருக்கு).

நாளைக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிப் பார்க்கிறேன். அங்கே போனால் வாய் அடைத்துப்போகிறது.

மாசியில் ஆபரேஷன். இடுப்பு ஜவ்வு பிதுங்கி, இடது காலுக்குப் போகிற நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. பெரிதாகக் கிழிக்காமல் சின்ன ஓட்டை போட்டு, குழாய் விட்டு, பிதுங்கியதை எடுத்தீர்கள். மறுநாளே நடந்தேன். கால் வலி போனது போனதுதான். அதை இல்லை என்று சொல்லவே மாட்டேன் சார். ஆனால் பங்குனியிலிருந்து வேறு வலி. இடுப்புக்கு இரண்டு பக்கமும், ஆழத்தில். நிமிர்ந்தால் வலி. நின்றால் வலி. மேலே இருக்கிற டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினால் உயிர் போகிறது. திரும்பிப் படுக்க முடியவில்லை. குனிந்தால், துவைக்கிற கல்மேல் கை ஊன்றிச் சாய்ந்தால், நன்றாக இருக்கிறது.

இவ்வளவுதான். சொல்லிவிடுவேனா தெரியாது.

செல்வி மத்தியானம் ரசமும் கீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இரண்டு தெரு தள்ளி வீடு. கொழுந்தனார் பெண்டாட்டி. அவர் குவைத்தில். ஆபரேஷன் ஆன முதல் மாதம் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியது அவள்தான். என் கூடப் பிறந்தவர்கள் போனில் விசாரித்தார்கள்.

ஜூலை 9, புதன்

போய்வந்தாயிற்று. சொல்லவில்லை. சொல்ல விடவில்லை என்று எழுதுவதுதான் சரி.

"கால் வலி இருக்கா?"

"இல்ல சார்."

"மரத்துப்போகுதா?"

"இல்ல சார். ஆனா நிமிந்தா..."

"படத்துல எல்லாம் சுத்தமா இருக்கும்மா. நரம்பு ஃப்ரீ ஆயிடுச்சு. சர்ஜரி சக்ஸஸ்." படத்தை வெளிச்சத்தில் பிடித்து இவருக்குக் காட்டினார். எனக்கு இல்லை. "வெயிட்ட குறைங்க. எக்ஸர்சைஸ் விடாம பண்ணுங்க. பயத்த விடுங்க."

இவர் கை கட்டிக்கொண்டு, "நல்லதுங்க சார், நல்லதுங்க சார்." இவர் ஓட்டுகிற லோடு ஆட்டோவுக்கு முன்னால் யாராவது குறுக்கே வந்தால் ஏழு தலைமுறையை இழுக்கிற வாய். அங்கே பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

வெளியே வரிசையில் ஒரு கிழவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, என்னிடம்: "சின்ன ஓட்டதானாமே? வலிக்காதாமே?" தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினேன்?

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து அதன்மேல் நெற்றியை வைத்தபடி வந்தேன். அப்படி வந்தால்தான் தாங்குகிறது. வடலூர் தாண்டியதும் இவர்:

"டாக்டரே ஒண்ணும் இல்லன்ட்டாரு."

"ம்."

"அப்ப இது வேற எதோ."

வேற என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

காற்று மட்டும் அடித்தது. மழை இல்லை. செராமிக் தொழிற்பேட்டை முழுக்க வெள்ளைத் தூசி.

கம்பெனிக்குப் போய்ப் பார்த்தேன். பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற யூனிட். என் வேலை, அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த கட்டையில் பிசிறு சீவுவது. சீவுவது உட்கார்ந்து, குனிந்து. அதில் எனக்குக் கஷ்டமே இல்லை. சீவி முடித்ததைப் பலகையோடு தூக்கி மேல் அடுக்கில் வைக்க வேண்டும். அதுதான் முடியாது.

"பலகைய மட்டும் வேற யாராச்சும் தூக்கட்டும் சார், மத்ததெல்லாம் செய்றேன்" என்றேன் சூப்பர்வைசரிடம்.

"ஒருத்தருக்கு அப்படி விட்டா எல்லாரும் கேப்பாங்க விஜயாம்மா. நல்லா ஆனதும் வாங்க." நல்ல மனிதர்தான். என் இடத்தில் வேறு பெண் உட்கார்ந்திருக்கிறாள். என் கத்தியை வைத்துத்தான் சீவுகிறாள். பிடியில் நான் சுற்றிய சிவப்புத் துணி இன்னும் இருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். தழும்பைக் காட்டச் சொல்லிச் சூழ்ந்துகொண்டார்கள். இடுப்புச் சேலையை இறக்கிப் பார்த்துவிட்டு எல்லார் முகத்திலும் ஏமாற்றம்.

"இவ்ளோதானா?"

"எங்க மாமியாருக்கு வயித்துல இந்தாண்டயிருந்து அந்தாண்ட வரைக்கும் கிழிச்சாங்க. மூணாம் மாசம் நடவுக்குப் போனாங்க."

நான் திரும்பியதும் முதுகுக்குப் பின்னால், யார் என்று தெரியும், பெயர் எழுத மாட்டேன்: "மொச்சக்கொட்ட அளவு தழும்ப வெச்சிக்கினு மகாராணி கணக்கா ரெஸ்ட்டு."

பெரிதாகக் கிழித்திருக்கலாம் என்று தோன்றியது. கழுத்திலிருந்து கீழே வரை. அப்போது நம்புவார்கள்.

சாயங்காலம் எக்ஸர்சைஸ். குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, பின்னால் வளைவது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் தூக்கு. இன்னும்." எழுந்து நின்றால், "கூனாத, நிமிந்து நில்லு." ஜவ்வுக்குக் குனியக் கூடாதாம். நிமிர்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே எலும்பும் எலும்பும் உரசுகிறது. கண்ணில் தண்ணீர் வந்தால் "பயம்" என்கிறார். டாக்டரிடம் கற்றுக்கொண்ட வார்த்தை.

ஜூலை 13, ஞாயிறு

புழுக்கம். மீன் வாங்கவில்லை, செல்வி கொடுத்தனுப்புவதாகச் சொன்னாள்.

இவர் விடிகாலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு நல்லூர் பக்கம் போனார். லோடு என்றார். வரும்போது கையில் விபூதிப் பொட்டலம். முகம் இறுகியிருந்தது.

"எங்க போனீங்க?"

"ஒரு எடத்துக்கு. குறி கேக்க."

"எதுக்கு?"

"வூட்டுக்குள்ளயே வந்து போற பொம்பள, கையால ஆக்கிப் போட்டவன்னு வந்துச்சி. நான் எதுவும் சொல்லல. அவங்களா சொன்னாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

"செல்வியா? செல்வி எனக்கு சூனியம் வெச்சிட்டாளா?"

"மெதுவா பேசு."

"அவ ஆக்கிப் போட்டத நீங்களும்தானே தின்னீங்க? உங்களுக்கு இன்னா ஆச்சி?"

விபூதியை என் நெற்றியில் பூசினார். தடுக்கவில்லை. விபூதி என்ன செய்தது, பாவம்.

பதினொரு மணிக்குச் செல்வி வந்தாள். சங்கரா மீன் குழம்பு, தூக்குச் சட்டியில். "அக்கா, புளி கொஞ்சம் தூக்கலா இருக்குது, பாத்துக்கோங்க." அவள் தெரு முனை திரும்பும் வரை இவர் காத்திருந்தார். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். ஐந்து துண்டு மீன். பூனை ஓடிவந்தது.

மத்தியானம் மோர் சாதம், ஊறுகாய்.

சென்னையிலிருந்து பையன் போன். "அப்பா சொல்றத காதுல போட்டுக்காதம்மா. வேற டாக்டர பாரு." சொல்வது சுலபம்.

ஜூலை 15, செவ்வாய்

கடலூர். வலிக்கென்று தனியாகப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்துச் சொன்னதும் செல்வி, கூட வந்ததும் செல்வி. இவர் திட்டக்குடி லோடு. நல்லதாயிற்று.

சின்ன வயதுதான் டாக்டரம்மாவுக்கு. என்னைப் படுக்கச் சொல்லவில்லை. நிற்க வைத்து, பின்னால் சாயச் சொன்னார். கத்திவிட்டேன். முன்னால் குனியச் சொன்னார். குனிந்தேன். "இப்ப?" "இப்ப நல்லா இருக்குது டாக்டர்." முதுகில் இரண்டு இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். அதே இடம். நாலு மாதமாக யாரும் தொடாத இடம். அழுதுவிட்டேன், வலிக்காக இல்லை.

அவர் சொன்னது, மறப்பதற்கு முன்:
— முதுகெலும்பு ஒவ்வொன்றும் அடுத்ததோடு பின்பக்கம் இரண்டு சின்ன மூட்டால் பூட்டியிருக்கிறது. கதவுக்குக் கீல் மாதிரி.
— ஜவ்வு அதற்கு முன்னால் இருக்கிறது. குழாய் உள்ளே போக வழி வேண்டும். வழி செய்யும்போது அந்த மூட்டின் ஓரம் அடிபட்டிருக்கலாம். கொஞ்சம் கூடுதலாகச் சீவியும் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொன்னார், மூன்று முறையும்.
— நரம்பைப் பார்க்க எடுத்த படத்தில் நரம்பைத்தான் பார்ப்பார்கள். நரம்பு சுத்தம்தான்.
— பின்னால் வளைகிற எக்ஸர்சைஸை இன்றே நிறுத்த வேண்டும். அது ஜவ்வுக்கு நல்லது. இந்த மூட்டுக்கு எமன்.

அப்படியென்றால் பங்குனியிலிருந்து தினமும் சாயங்காலம் இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை...

எழுத வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஊசி. படம் பார்த்துக்கொண்டே அந்த மூட்டு நரம்பு பக்கத்தில் மரத்துப்போகிற மருந்து போடுவார்களாம். "இது வைத்தியம் இல்லம்மா, சோதனை. சில மணி நேரம் வலி சுத்தமா போச்சுன்னா வலி அந்த மூட்டுலேர்ந்துதான் வருது. மருந்து எறங்கினதும் வலி திரும்ப வரும், பயப்படாதீங்க. அதுக்கப்புறம் நெரந்தரமா இன்னா செய்யலாம்னு பாப்போம்."

"ஆபரேஷன்லதான் அடிபட்டுச்சின்னு ஒரு வரி எழுதித் தருவீங்களா டாக்டர்?"

பேனாவை மூடினார். "நான் அத எழுத முடியாதும்மா."

சரி. நல்லவர்களுக்கும் பேனா மூடி உண்டு.

பஸ்ஸில் செல்வி என் பக்கம் இருந்த ஜன்னலை இழுத்துச் சாத்தினாள், தூசி என்று. மீன் குழம்பு எப்படி இருந்தது என்று கேட்டாள். "நல்லா இருந்துச்சி" என்றேன். "புளி?" "சரியா இருந்துச்சி."

ஜூலை 16, புதன்

மாலையில் நாலு தூறல். துணி எடுக்க ஓடமுடியவில்லை, நனைந்தது.

இவரிடம் எல்லாம் சொன்னேன். மூட்டு, கீல், ஊசி. தட்டில் இருந்த இட்லியை வைத்து இரண்டு எலும்பு காட்டினேன். இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய டாக்டரு ஒண்ணும் இல்லன்னு சொன்னாரு. இந்தம்மா ஊசி போட்டு சம்பாதிக்கணுமில்ல?"

"அவரு படத்த பாத்தாரு. இந்தம்மா என்னப் பாத்தாங்க."

"கூட யாரு போனா? அவதானே? அவளே கூட்டிக்கிட்டுப் போயி, அவளே டாக்டர காட்டி..." நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாக, முடிவெடுத்துவிட்ட குரலில்: "கொளஞ்சியப்பர் கோயில்ல அவ பேர்ல பிராது கட்டப் போறேன்."

பிராது என்றால், அநியாயம் செய்தவர் பெயரை வெள்ளைத் தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து, அதே கோயிலில் இருக்கிற முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வருவது. திருட்டுப் போனால் கட்டுவார்கள், நிலத் தகராறில் கட்டுவார்கள். சாமி விசாரித்துத் தீர்ப்பு சொல்லும். இந்த ஊரில் போலீஸுக்குப் பயப்படாதவனும் அதற்குப் பயப்படுவான். எனக்கும் பயம்தான்.

"கட்டறதுன்னா பாண்டிச்சேரி டாக்டர் பேர கட்டுங்க."

"நல்லது பண்ணவரு பேர்லயா? கால் வலி போச்சா இல்லியா?"

போனது உண்மைதான். அந்த டாக்டர்மேல் எனக்கு நன்றியும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எந்தச் சாமிக்கு எழுதுவது?

கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படிக் கெஞ்சியதில்லை. "வெள்ளிக்கிழமை ஊசி போட்டுக்கிட்டு வரேன். வலி போச்சின்னா இது எலும்பு, சூனியம் இல்லன்னு ஒத்துக்கணும். அதுவரைக்கும் பொறுங்க."

"சரி. போட்டுக்கிட்டு வா. அப்புறம் பாக்கலாம்."

சொன்னார். என் காதால் கேட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தெருவில் எல்லா வீட்டிலும் மைக் செட். எழுத நிறைய இருக்கிறது, வரிசையாக எழுதுகிறேன்.

காலை கடலூர். செல்விக்கு வீட்டில் விரதச் சமையல், நான் தனியாகப் போனேன். குப்புறப் படுக்கவைத்து, பக்கத்துக்கு இரண்டாக ஊசி. எரிந்தது. அரை மணி கழித்து, "எழுந்து நில்லுங்க" என்றார்கள். நின்றேன். "பின்னால சாயுங்க." பயந்து பயந்து சாய்ந்தேன்.

ஒன்றும் இல்லை.

இன்னும் சாய்ந்தேன். ஒன்றுமே இல்லை. மேலே பார்த்தேன், அந்த ரூமில் ஃபேன் அழுக்காக இருந்தது. டாக்டரம்மா தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார். "மூட்டுதான்" என்றார். இந்த முறை 'இருக்கலாம்' இல்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், சீட் இருந்தும். மந்தாரக்குப்பத்தில் ஒரு பெண் சந்தேகமாகப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து செய்தவை: கொடியில் துணி காயப்போட்டேன், கையை உயர்த்தி. பரணில் இருந்த பெரிய குக்கரை இறக்கினேன். சாமி மாடத்துக்கு எட்டிப் பூ வைத்தேன். சர்க்கரைப் பொங்கல். வாசலில் கோலம், பிறகு எழுந்து நின்று தூரத்திலிருந்து பார்த்தேன். எல்லாம் நிமிர்ந்து. மருந்து இறங்குவதற்குள் இவர் வர வேண்டும், இவர் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் மனதில். இரண்டு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

நாலு மணிக்கு வண்டிச் சத்தம். வாசலில் நேராக நின்றேன். இடுப்பில் கை வைத்து, பின்னால் வளைந்து காட்டினேன். ஐம்பது வயதைத் தொடப்போகிறவள் நடுத்தெருவில் சர்க்கஸ்.

"பாத்தீங்களா? வலி இல்ல. கொஞ்சங்கூட இல்ல. இப்ப ஒத்துக்கிறீங்களா?"

இவர் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். கண் கலங்கியது. நெற்றியில் புதுக் குங்குமம். அதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"சாமி கண்ண தொறந்துட்டாரு" என்றார். "காலயிலதான் கட்டிட்டு வந்தேன். மணி பத்து இருக்கும். சாயந்தரத்துக்குள்ள எழுப்பி நிக்க வெச்சிட்டாரு பாரு."

பத்து மணிக்குத்தான் எனக்கும் ஊசி போட்டார்கள்.

சொன்னேன். கத்திச் சொன்னேன். பொறுக்கிறேன் என்று சொன்னீர்களே என்றேன். இவர் வாசல் மண்ணில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரம்மா மைக் செட் சத்தத்தையும் மீறிக் கேட்டாள்: "இன்னா, விஜயாக்கு சரியாயிடுச்சா?"

"பிராது கட்டினேன், சரியாயிடுச்சி!"

"யாரு பேர்ல?"

சொல்லிவிட்டார்.

பொங்கலை யாரும் தொடவில்லை.

ஜூலை 19, சனி

வலி வந்துவிட்டது. விடிவதற்குள். வரும் என்று டாக்டரம்மா சொன்னதுதான், இருந்தாலும் ஒரு ஓரத்தில் வராது என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

அடுப்படி மேடைமேல் கவிழ்ந்து நின்று யோசித்தேன். வலியைக் காட்டினால், செல்வி மறுபடியும் செய்துவிட்டாள் என்பார். மறைத்தால், பிராது பலித்தது, செல்விதான் குற்றவாளி. எப்படி நின்றாலும் அவள் தலையில்.

காட்டிவிட்டேன். மறைக்கத் தெம்பு இல்லை.

"பாத்தியா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். 'பாத்தியா' என்று.

கோயிலுக்குப் போய் ராஜினாமா செய்யுங்கள் என்றேன். கட்டியதை வாபஸ் வாங்குவதற்கு அப்படித்தான் பெயர். கட்டியவர்தான் செய்ய வேண்டும், நான் போய்ப் பிரயோஜனமில்லை. "தீர்ப்பு வராம எப்படி எடுக்கிறது" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பால்காரர் வரை விஷயம் தெரிந்திருக்கிறது. செல்வி இன்று வரவில்லை. நேற்றும் வரவில்லை. போன் பண்ண எடுத்து எடுத்து வைத்தேன். என்னவென்று ஆரம்பிப்பது?

ஜூலை 20, ஞாயிறு

மேகமூட்டம். இவர் வீட்டில் இல்லை. துணி ஊறப்போட்டிருந்தேன்.

செல்வி வந்தாள். கையில் சட்டி இல்லை. கூடத்துக்குள் வராமல் வாசல்படியிலேயே நின்றாள். நான் கூப்பிட்ட பிறகு வந்து தரையில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. குவைத்துக்கும் சேதி போய்விட்டதாம். கொழுந்தனார் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "நெசமாவா?"

"செல்வி, நான் சொல்றத கேளு. அவரு..."

"நான் சொல்லிடறேங்க்கா. ரெண்டு நாளா தூங்கல." சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "சூனியமெல்லாம் எனக்குத் தெரியாது. சாமி சத்தியமா. ஆனா ஒரு நாளு... நீங்க ஆபரேஷன் ஆகி வந்தீங்க இல்ல, ஆளாளுக்கு உங்கள தாங்கினாங்க. மாமா டம்ளர்ல தண்ணி எடுத்துக் குடுத்தாரு. எனக்கு காச்சல்ல கெடந்தா கதவ தட்ட ஆளு இல்ல. உங்களுக்குத் தல தேச்சி வுட்டுக்கிட்டு இருக்கும்போதே வவுறு எரிஞ்சிச்சிக்கா. இன்னும் கொஞ்ச நாளு இப்படியே படுத்துக் கெடக்கட்டுமேன்னு நெனச்சிட்டேன். ஒரே ஒரு நாளு. அதுவாக்கா? அதுக்குத்தானா?"

அது இல்லை என்று எனக்குத் தெரியும். மூட்டு என்று தெரியும். ஊசியில் பார்த்தேன், டாக்டரம்மா வாயால் கேட்டேன். பைத்தியமே, எழுந்திரு, காபி போடுகிறேன் என்று சொல்வதற்கு ஒரு மூச்சு போதும்.

ஆனால் அவள் அழுதுகொண்டு என் காலடியில் உட்கார்ந்திருந்தாள். பாண்டிச்சேரி டாக்டர் எனக்கு முன்னால் ஒருநாளும் அப்படி உட்காரப் போவதில்லை. இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஒருவர் என் வலிக்கு 'நானா?' என்று கேட்கிறார். நெஞ்சு லேசானது. அது நிஜம், அதனால் எழுதுகிறேன்.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அது எந்த நாளு?"

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.